பனிப்பாறை

பனிப்பாறை என்பது நிலத்தின் மேல் திரண்ட பனிக்கட்டி உடைந்து, கடலிலோ ஏரியிலோ மிதக்கும் பெருந்துண்டு. கடல்நீரே உறைந்து உண்டாகும் கடற்பனி வேறு. கடலில் மிதந்தாலும் பனிப்பாறை நன்னீரால் ஆனது.

துருவ நிலங்களில் விழும் பனி கோடையிலும் முழுதாக உருகுவதில்லை. ஆண்டுதோறும் மேலே படியும் பனியின் எடையால் அடியில் உள்ளது இறுகிக் கெட்டிப்படுகிறது. பிறகு தன் எடையாலேயே சரிவை நோக்கி நகர்கிறது, இதுவே பனியாறு. அண்டார்க்டிக்காவில் அது கரையைத் தாண்டிக் கடல்மேல் பனித்தட்டாக நீள்கிறது. விளிம்பில் வெடிப்பு விழுந்து முறியும் துண்டுகளே பனிப்பாறைகள். 2000 மார்ச்சில் ராஸ் பனித்தட்டிலிருந்து பிரிந்த பி-15இன் பரப்பு சுமார் 11,000 சதுர கி.மீ.; அது ஏறக்குறைய மூன்று மதுரை மாவட்டங்களின் பரப்பு. எவ்வளவு பெரிதானாலும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில்தான் இருக்கும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கி 1,500க்கும் மேற்பட்டோர் இறந்தபின், 1914இல் வட அட்லாண்டிக்கில் பன்னாட்டுக் கண்காணிப்பு தொடங்கியது.

இந்தியாவில் இன்று பனிப்பாறை காண இமயமலை ஏரிகளுக்குத்தான் போக வேண்டும். இமாச்சலத்தின் சமுத்திர தாப்பு ஏரியில் சிறு துண்டுகள் மிதக்கின்றன. ஆனால் இந்நாட்டின் பனிப்பாறை வரலாறு மிகப் பழையது. டைட்டானிக் கதையை அறிந்த பலரும் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒடிசாவின் தால்சீர் நிலக்கரி வயலில் ஆய்வு செய்த நிலவியலாளர்கள் பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும், மென்மையான வண்டல் படிவுக்குள் பெரும் பாறாங்கற்கள் புதைந்திருந்ததைக் கண்டனர். வண்டலைப் படியவைக்கும் மெல்லிய நீரோட்டம் இத்தகைய கல்லைப் புரட்டாது. பனிதான் சுமந்து வந்திருக்க வேண்டும் என்று 1856இல் கூறினர். வெயில் கொளுத்தும் நாட்டில் இப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் அருகே இரை என்னும் ஊரில், பனியாறு இழுத்த கற்கள் சுண்ணாம்புப் பாறையில் கீறிய கோடுகளை 1875இல் நிலவியலாளர் ஃபெடன் விவரித்தார்.

ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, கோண்டுவானா பெருநிலத்தின் பகுதியாகத் தென் துருவப் பக்கம் கிடந்தது. அப்போது பனிக்கட்டியின் அடியில் ஒட்டிய கற்கள், மிதக்கும் துண்டு உருகியதும் கீழே சேற்றில் விழுந்து புதைந்தன.

தென் துருவப் பக்கப் பனிக்கு இந்தியா மீண்டும் முகம்கொடுத்தது, கடலியல் அறிஞர் காசிம் தலைமையில் 1981இல் புறப்பட்ட அண்டார்க்டிக் பயணத்தில். 1984இல் பனித்தட்டின் மேலேயே அமைத்த தட்சிண கங்கோத்ரி நிலையம் சில ஆண்டுகளில் பனியில் புதையத் தொடங்க, 1989இல் மைத்ரி பாறைத் தரையில் எழுந்தது. 2012இல் திறந்த பாரதி நிலையமும் பாறைமேல்தான். அது நிற்கும் கரை ஒருகாலத்தில் இந்தியாவின் கிழக்குப் பகுதியோடு ஒட்டியிருந்தது. சரக்குக் கப்பல்கள் இன்று கடற்பனிக்கும் பனிப்பாறைகளுக்கும் நடுவே வழி தேடித்தான் அங்கே போய்ச் சேர்கின்றன.