வேடியப்பன் யார்?

திருப்பத்தூர், செங்கம், ஊத்தங்கரைப் பக்கம் சந்தையில் நின்று "வேடியப்பா" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். குலசாமி பெயர். சாமிக்குக் கோபுரம் கிடையாது; ஏரிக்கரையிலோ கொல்லைமேட்டிலோ ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். மஞ்சளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வழித்துப் பார்த்தால் உள்ளே ஒருவன் நிற்பான். இடக்கையில் வில், வலக்கையில் வாள், சில கற்களில் உடம்பில் தைத்த அம்பு, காலடியில் கெண்டி. பழைய கல்லானால் பக்கத்தில் வட்டெழுத்து.

தொல்காப்பியம் நடுகல் என்று சொல்வது இதைத்தான். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை மீட்டுப் பட்டான் என்பதை எழுத்து சொல்லும். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் செத்தான். ஆம்பூரில் பல்லவன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டுக் கற்கள் இருக்கின்றன. நுளம்ப அரசன் படையோடு நடந்த சண்டையில் பட்டவர்களுக்கு எடுத்தவை. தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் இருந்த நாயையும் அதில் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் வெட்டியிருக்கிறார்கள். நாய்க்குக்கூடத் தனிப்பெயர்!

அப்படியிருக்க, எல்லாரும் எப்படி வேடியப்பன் ஆனார்கள்?

வில் உடையவன் வில்லி. அதுபோல வேடு என்பதோடு இகரம் சேர்ந்தால் வேடி. வேட்டை, வேட்டுவன், வேடன் எல்லாம் ஒரு குடும்பம். கன்னடத்தில் வகரம் பகரமாகி பேட்டெ, பேடர் என்று வரும். அப்பன் மரியாதைக்குச் சேர்ந்தது, சேலத்து முனியப்பனுக்குப் போல. வட்டெழுத்து படிப்பவர்கள் அற்றுப்போன பிறகு ஊரார் படத்தைப் படித்தார்கள் என்பது என் கணிப்பு. வில்லைப் பார்த்து வேடன் என்றார்கள். ஆனால் கல்லில் நிற்பவன் வேட்டைக்குப் போனவன் அல்லன். மாட்டை மீட்கப் போனவன்.

தஞ்சைப் பக்கம் பட்டவன் என்றே சாமி உண்டு. அங்கே சாவைச் சொன்ன வினை பெயராகத் தங்கிவிட்டது. தீயில் பாய்ந்த பெண் தீப்பாஞ்சம்மன் ஆனதும் அவ்வழிதான். செங்கம், ஊத்தங்கரைப் பக்கமோ வினை போய், கையிலிருந்த ஆயுதம் பெயர் வைத்தது.

இப்போது பல இடங்களில் வேடியப்பனுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கிறார்கள். மஞ்சள் கழுவினால் போகும், பெயிண்ட் போகாது. உங்கள் குலசாமிக்கு அடிக்கும் முன், எழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். இருந்தால் படமெடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள்.