விக்ராந்தின் வெள்ளைப் புலிகள்

1971 யுத்தம் என்றால் நம் பிள்ளைகளுக்கு டாக்கா சரணாகதிப் படம் ஞாபகம் வரும். கையெழுத்துப் போடும் இரு ஜெனரல்களுக்குப் பின்னால் நிற்பவர்களில் ஒருவர் கடற்படை அதிகாரி. யார் அவர் என்று கேட்டால் பெரியவர்களுக்கே தெரியாது. அவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919-ல் நாகர்கோவிலில் பிறந்த தமிழர். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. சொல்லப் போனால் திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு அவர் அடுத்த வீட்டுக்காரர் மாதிரி. அவர் தலைமையில் போர் செய்த ஒரு விமானப் படைப்பிரிவின் கதையே இக்கட்டுரை.

பிரிவின் பிறப்பு

'ஐ.என்.ஏ.எஸ். 300' என்ற ஸ்குவாட்ரன் 1960 ஜூலையில் பிரிட்டனின் பிராடி தளத்தில் தொடங்கப்பட்டது. பாயும் வெள்ளைப் புலி அதன் சின்னம். 'சீ ஹாக்' அதன் விமானம்: ஒரு விமானி, ஒரு ஜெட் எஞ்சின், நான்கு 20 மி.மீ. பீரங்கிகள், கப்பலில் இடத்தை அடைக்காமல் மடக்கி வைக்கக்கூடிய இறக்கைகள்.

1961 மார்ச் 4-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஐ.என்.எஸ். விக்ராந்த் நம் கடற்படையில் சேர்ந்தது. மே 18-ல் லெப்டினன்ட் தஹிலியானி அதன் தளத்தில் முதல் ஜெட்டை இறக்கினார். பின்னாளில் அவரே கடற்படையின் தலைமைத் தளபதியானார். பிரிவுக்குக் கரையில் முதலில் இடம் கொடுத்தது நம் கோயம்புத்தூர்ப் பக்கத்து சூலூர். பிறகுதான் கோவாவின் டபோலிம்.

கப்பலிலிருந்து பறப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நீளமான ஓடுபாதை கிடையாது. நீராவியால் இயங்கும் கவண் ஒன்று விமானத்தை வீசி எறியும். திரும்பி வரும்போது வாலில் உள்ள கொக்கி, தளத்தில் குறுக்கே கட்டிய கம்பியைப் பற்ற வேண்டும். கப்பலும் காற்றை எதிர்த்து வேகமாக ஓட வேண்டும். இந்த வேகம்தான் 1971-ல் பிரச்சினை ஆனது.

விரிசல் விட்ட கொதிகலன்

1965 யுத்தத்தின்போது விக்ராந்த் பழுதுபார்ப்பில் கிடந்தது. அதை மூழ்கடித்துவிட்டோம் என்றே பாகிஸ்தான் சொன்னது. அந்த மனக்குறை மாலுமிகளுக்கு ஆறவில்லை. 1971-லோ கொதிகலனில் விரிசல். 24 நாட் வேகத்துக்கு மேல் ஓடக்கூடிய கப்பல் சுமார் 16 நாட்டுக்குள் அடங்க வேண்டிய நிலை. கப்பலை அனுப்பலாமா, கூடாதா? அனுப்பலாம் என்று நின்றவர்களில் கிழக்குக் கட்டளைத் தலைவரான கிருஷ்ணன் முக்கியமானவர்.

விக்ராந்தைத் தேடி 'காஸி' என்ற நீர்மூழ்கி கராச்சியிலிருந்து புறப்பட்டது. கிருஷ்ணன் விக்ராந்தை ரகசியமாக அந்தமானுக்கு அனுப்பிவிட்டு, 'ராஜ்புத்' என்ற பழைய கப்பலை விசாகப்பட்டினக் கடலில் விக்ராந்த் போல நடிக்கவைத்தார். கரையில் பெரிய கப்பற்படைக்கு வேண்டிய அளவு இறைச்சிக்கும் காய்கறிக்கும் கான்ட்ராக்டரிடம் ஆர்டர் கொடுக்கப்பட்டது. சேதி கடைத்தெரு வழியே ஒற்றர் காதுக்குப் போகட்டும் என்று! சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் பண்ணும் எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ராத்திரி எந்த லாரியில் என்ன சரக்கு ஏறியது என்பது விடிவதற்குள் சந்தைக்கே தெரிந்துவிடுமே! வியாபாரிகளின் வாயை அட்மிரல் சரியாக எடை போட்டிருந்தார்.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி காஸி விசாகப்பட்டினத்தருகே மூழ்கியது. உள்ளிருந்த தொண்ணூறுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மூழ்கியது எதனால் என்பதில் இரு நாடுகளுக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

விமானத் தாக்குதல்

டிசம்பர் 4-ல் எட்டு சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அன்றே சிட்டகாங். தொடர்ந்து குல்னா, மோங்லா. பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே. குப்தா பல தாக்குதல்களில் தாமே முன்னால் பறந்தார். இரவுப் பணியைத் தோழமைப் பிரிவின் 'அலிஸே' விமானங்கள் பார்த்துக்கொண்டன. தொடர்ந்து தாக்குதல் நடந்தும், சில விமானங்கள் அடி பட்டும், ஒரு சீ ஹாக்கூட இழக்கப்படவில்லை. கடல் வழி அடைபட்டதால் எதிரிக்கு உதவி வரவும் முடியவில்லை, தப்பிப் போகவும் முடியவில்லை. குப்தாவும் கப்பல் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷும் மகாவீர் சக்ரா பெற்றார்கள்.

ஒரு சமணனின் சொல்

கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்டவன் குண்டு போட்ட கதையை எழுதலாமா என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஆகமம் துறவிக்கு மகாவிரதமும் இல்லறத்தாருக்கு அணுவிரதமும் விதிக்கிறது. வலியப் போய்க் கொல்வது வேறு, காக்க வேண்டி எதிர்ப்பது வேறு என்றும் பிரித்துச் சொல்கிறது. அன்று சுமார் ஒரு கோடி அகதிகள் நம் எல்லைக்குள் வந்து கிடந்தார்கள். அதை மறந்தால் நியாயம் பேச முடியாது. அதே சமயம் காஸியில் மாண்டவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. இரண்டையும் சேர்த்து நினைப்பதுதான் வரலாறு என்று இந்த எளியவன் கருதுகிறான்.

விக்ராந்த் 1997-ல் ஓய்வு பெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, 2014-ல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. வெள்ளைப் புலிகளோ சீ ஹாரியருக்கும், 2016-ல் மிக்-29கே விமானத்துக்கும் மாறிவிட்டார்கள். 2022 செப்டம்பர் 2-ல் அதே பெயரில் புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. கட்டியது நம் கொச்சிக் கப்பல் தளம். அடுத்த முறை பிள்ளைகளோடு ரயிலில் நாகர்கோவிலைத் தாண்டும்போது, கிருஷ்ணன் பெயரை ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள். கப்பலை நாம் காக்கவில்லை, பெயரையாவது காப்போம்.