சகோதரனின் குருதிக்கு ஒரு சாட்சி

பகைவர் இழைத்த அநீதியைப் பாடப் புலவர் பலர் உண்டு. தன் அணியினரே இழைத்த அநீதியை எடுத்துரைக்கத் தனி நெஞ்சுரம் வேண்டும். அவ்வாறு எடுத்துரைக்க இருபத்திரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒருவரின் வரலாறு இது.

நானூறு ஆண்டுகளுக்கு மேல் உதுமானியர் ஆட்சியில் இருந்த நாடு போஸ்னியா. அங்குள்ள தூஸ்லா நகரில், 1910-ஆம் ஆண்டு ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் மெஹ்மது செலிமோவிச். மெஷா என்பது அவருடைய செல்லப் பெயர். முஹம்மது என்னும் திருநாமமே துருக்கியர் நாவில் மெஹ்மது ஆயிற்று. பெல்கிரேடில் பயின்ற அவர், பிறந்த ஊரிலேயே ஆசிரியரானார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், டிட்டோவின் விடுதலைப் படையில் சேர்ந்தார். அவர் சகோதரர் ஷெஃப்கியாவும் அப்படையினரே. பொதுக் கிடங்கிலிருந்து சில வீட்டுச் சாமான்களை எடுத்தார் என்னும் குற்றத்திற்காக, 1944-இன் இறுதியில் அப்படையின் இராணுவ நீதிமன்றமே ஷெஃப்கியாவுக்கு மரண தண்டனை விதித்தது. அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

போர் முடிந்தது, செலிமோவிச் ஸராயேவோ நகரில் குடியேறினார். ஆறாத அப்புண் 1966-இல் ‘தர்வேஷும் மரணமும்’ என்னும் நாவலாக வெளிப்பட்டது. கதை நிகழ்வது உதுமானியர் கால போஸ்னியாவில். மவ்லவிய்யா தரீக்காவின் தைக்காவில் ஷைகாக இருப்பவர் அஹ்மது நூருத்தீன். அவருடைய தம்பி ஹாரூன் கோட்டையில் சிறைப்பட்டு மாண்டுபோகிறார். நீதி கேட்டுக் கதவு கதவாய்த் தட்டிய ஷைகு, பழியுணர்ச்சிக்கு ஆட்பட்டுத் தாமே காழியாகிறார். முடிவில் உற்ற நண்பரைக் கைது செய்யும் ஆணையிலும் கையொப்பமிடுகிறார். அநீதிக்கு ஆளானவரே அநீதியின் கருவியாகிவிட்ட கொடுமையை என்னென்பது!

1970-இல், போரிலிருந்து மீண்ட ஒரு சிப்பாயின் கதையாகக் ‘கோட்டை’ நாவலை எழுதிய செலிமோவிச், 1982-இல் பெல்கிரேடில் மறைந்தார்.

‘தர்வேஷும் மரணமும்’ நாவல் மனிதன் நஷ்டத்திலிருக்கிறான் என்னும் ‘அல்-அஸ்ர்’ ஸூராவின் கருத்தோடு தொடங்கி, அதனோடேயே முடிகிறது. ஆனால் ஸூரா அங்கே நின்றுவிடவில்லை. ஈமான் கொண்டு, நல்லமல்கள் செய்து, ஒருவருக்கொருவர் ஹக்கையும் ஸப்ரையும் உபதேசித்தவர்களுக்கு நஷ்டமில்லை என்று அது விலக்களிக்கிறது. கதையில் வரும் ஷைகு ஹக்கைக் கைவிட்டு நஷ்டமடைந்தார். கதை எழுதியவரோ, காலம் தாழ்ந்தேனும், தம் அணியினர் முன்னிலையிலேயே அந்த ஹக்கை எடுத்து வைத்தார்.

நம் வீட்டிலும் ஜமாஅத்திலும் நம்மவர் தவறும் வேளையில் நாம் எப்பக்கம் நிற்போம்? அன்பர்களே, அதை நாம் ஒவ்வொருவரும் நம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோமாக.