99 வீதத்தில் நின்றுபோகும் படங்கள்

மட்டக்களப்பு வாவியின் வடபுறத்தே, திருகோணமலை வீதியை ஒட்டி அமைந்திருக்கும் ஏறாவூரில், கைத்தறியும் மீன்பிடியும் வணிகமும் தெரிந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கணினி விளையாட்டுக்களைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, குரல் சேர்த்து உலகெங்கும் அனுப்புகின்றனர். இவர்களுள் யாரைச் சந்தித்தாலும் கேட்கும் முறைப்பாடு ஒன்றே. "சேர், ரெண்டர் 99க்கு வந்து நிண்டுட்டு. எல்லாம் போயிற்று." சிலர் மென்பொருளைக் குறை சொல்வர், சிலர் கணினி விற்றவரை. நானறிந்த மட்டில் இது பெரும்பாலும் வரலாற்றின் கோளாறு. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எங்கோ எடுக்கப்பட்ட சில முடிவுகள் இன்றைய மேசையில் வந்து நிற்கின்றன.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 1992 நவம்பரில் 'வீடியோ ஃபோர் விண்டோஸ்' என்ற மென்பொருளுடன் ஏவிஐ என்ற கோப்பு வடிவத்தை வெளியிட்டது. கோப்பின் நீளத்தைக் குறித்துவைக்க அதில் ஒதுக்கப்பட்ட இடம் 32 பிட்டுக்கள். இதனால் பல மென்பொருள்களில் ஒரு கோப்பு 2 கிகாபைட்டைத் தாண்ட முடியாது போயிற்று. வன்தட்டுக்கள் சில நூறு மெகாபைட் அளவிலேயே இருந்த காலத்தில் 2 கிகா என்பது கடலளவு. 1996இல் 'ஓபன் டிஎம்எல்' என்ற விரிவாக்கம் இத்தடையை நீக்கியது. ஆனால் அதே ஆண்டில் வந்த ஃபேட்32 என்ற வட்டு ஒழுங்கு, எந்தக் கோப்பும் 4 கிகாபைட்டைத் தொடக்கூடாது என்ற புதிய வேலியைப் போட்டது. பென் டிரைவ்களில் அந்த வேலி இன்னமும் உண்டு.

இதை உயர்தெளிவு விளையாட்டுப் படத்தோடு வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். அகலம் 1920 புள்ளி, உயரம் 1080 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், வினாடிக்கு 60 சட்டகம். சுருக்காமல் எழுதினால் வினாடிக்கு ஏறத்தாழ 373 மெகாபைட். 4 கிகா வேலியை முட்டப் பதினொன்றரை வினாடி போதும். 1999இல் வெளிவந்த ஃப்ராப்ஸ் என்ற பதிவு மென்பொருள், சிறிதளவே சுருக்கி எழுதியதால், நீண்ட பதிவை 4 கிகா துண்டுகளாக உடைத்து வைத்ததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது வேலி நினைவகத்துக்கு உரியது. 32 பிட் விண்டோஸில் ஒரு மென்பொருளுக்கு வழக்கமாகக் கிடைத்தது 2 கிகா நினைவக முகவரி மட்டுமே. புள்ளிக்கு 4 பைட் வீதம் விரித்த உயர்தெளிவுச் சட்டகம் ஒன்று 8 மெகாபைட்டுக்கு மேல். வேறு எதுவுமே இல்லாவிடினும் 258 சட்டகங்கள், அதாவது நான்கு வினாடிக்குச் சற்று மேலான படம், அந்த இடத்தை நிரப்பிவிடும். கடைக்காரர் கூடுதல் ரேம் போட்டுத் தந்தும் மென்பொருள் முன்போலவே விழுந்த மர்மத்தின் விடை இது. 2010இல் அடோபி தனது பிரீமியர் புரோ சிஎஸ்5 பதிப்பை 64 பிட்டுக்கு மட்டும் என்று வெளியிட்டபோதுதான் இந்தக் கதவு அகலத் திறந்தது. பழைய 32 பிட் பதிப்பை இன்றும் வைத்திருப்போர் முதலில் செய்யவேண்டியது அதனைக் கைவிடுவதே.

மூன்றாவது காரணம் காலத்தைப் பற்றியது. இலங்கையில் ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆந் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது. நாம் ஏற்ற பால் முறையில் வினாடிக்கு 25 சட்டகம். படத்தொகுப்பு மென்பொருள்கள் இவ்வாறான நிலைத்த தாளத்தை நம்பிப் பிறந்தவை. கணினி விளையாட்டுக்குத் தாளம் கிடையாது. வெற்று வெளியில் 90 சட்டகமும், சண்டை மூண்டால் 35 சட்டகமுமாக அது ஏறி இறங்கும். பல பதிவு மென்பொருள்கள் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே கோப்பில் எழுதுகின்றன. விளைவு, ஒலி ஒருபுறம், படம் மறுபுறம். சிலவேளை மென்பொருளே மூடிக்கொள்ளும். ஹாண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால் கோப்பை நிலைத்த சட்டக வீதத்துக்கு மாற்றிவிட்டுத் தொகுக்கத் தொடங்கினால் பாதி வழக்குகள் அங்கேயே தீரும்.

2003இல் ஏற்கப்பட்ட எச்.264 சுருக்கமுறை இன்னொரு சிக்கலைக் கொணர்ந்தது. அது ஒரு சட்டகத்தை முழுமையாக எழுதி, பின்வருவனவற்றில் மாறியதை மட்டும் குறித்துச் செல்லும். பார்ப்பதற்குச் சிக்கனம், வெட்டுவதற்குச் சுமை. நடுவில் ஒரு சட்டகத்தைக் காட்ட வேண்டுமாயின் அதற்கு முன்னுள்ள பலவற்றை விரித்தாக வேண்டும். தொழில்முறைத் தொகுப்பாளர்கள் இதற்காகவே புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்டி ஆகிய இடைநிலை வடிவங்களைப் பயன்படுத்துகின்றனர். இடம் கூடுதலாகத் தேவைப்படும். மன நிம்மதியும் கூடவே கிடைக்கும்.

பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற ஒரு பாடம் இங்கும் உதவுகிறது: எங்கே, எப்போது, எப்படி என்று கேளாமல் ஏன் என்று கேட்பதில் பயனில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் ரெண்டர் நின்றால், அவ்விடத்துத் துண்டோ, எழுத்துருவோ, விளைவோதான் குற்றவாளி. ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் வெப்பம், ரேம், மின்வழங்கி ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். மென்பொருள் மட்டும் மறைந்தால் ஒரு கதை. கணினியே அணைந்தால் வேறு கதை. திரை ஒருகணம் கறுத்து மீண்டால் அது வரைகலை அட்டையின் விவகாரம். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, அந்த அட்டை இரண்டு வினாடிக்குப் பதிலிறுக்காவிடின் இயங்குதளம் அதன் இயக்கியை மீளத் தொடக்கிவிடும். அவ்வேளையில் வரைகலை முடுக்கத்தை நிறுத்தி, மையச் செயலியால் மட்டும் ரெண்டர் செய்து பார்க்கவேண்டும். நேரமெடுக்கும், ஆனால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

ஏறாவூருக்கே உரிய காரணங்களும் உண்டு. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ், தூசு படிந்த விசிறியோடு மூன்று மணிநேரம் முழுவேகத்தில் ஓடும் கணினி சூடேறி அணைவதில் வியப்பில்லை. மின்தடை மற்றொன்று. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எம்பி4 கோப்பின் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். 99 வீதத்தில் மின்சாரம் போனால், எழுதிய அத்தனையும் வட்டில் இருந்தும் வாசிக்க இயலாது. விளையாட்டைப் பதியும்போது எம்கேவி வடிவத்தைத் தெரிவதும், நீண்ட படத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக ரெண்டர் செய்து பின்னர் இணைப்பதும் இதற்கான காப்பு.

விளையாட்டுப் படத்துக்காக இத்தனை பாடா என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். 1996இல் 'குவேக்' என்ற விளையாட்டைக் கொண்டு அமெரிக்க இளைஞர் குழுவொன்று உருவாக்கிய ஒன்றரை நிமிடச் சிறு கதைப்படம், மெஷினிமா என்ற புதிய கலைவடிவத்தின் தொடக்கமாக இன்று எண்ணப்படுகிறது. அது ஒருபுறமிருக்க, எனது அக்கறை வேறு.

எண்பதுகளில் வளைகுடா சென்று மீண்டவர்கள் வீடியோ டெக்குகளைக் கொணர்ந்தனர். திருமணங்களும் பாடசாலை விழாக்களும் கசெட்டுகளில் ஏறின. பின்னர் 1990 ஆகஸ்ட் 12 வந்தது. அந்த இரவில் இவ்வூர் இழந்த உயிர்களின் முன்னே ஒளிநாடாவைப் பற்றிப் பேசுவதே கூசுகிறது. எனினும் மாண்டவர்களுட் சிலரின் நடையும் சிரிப்பும் எங்கேனும் ஒரு கல்யாணக் கசெட்டில் மட்டும் எஞ்சியிருக்கலாம். 2004 ஆழிப்பேரலைக்கு முந்திய புன்னைக்குடாக் கரையும் அவ்வாறே. காந்த நாடா நிரந்தரமன்று. ஈரப்பதம் மிகுந்த வாவிக்கரையில் அதன் ஆயுள் இன்னும் குறுகும். வீஎச்எஸ் கருவிகளைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் அதனை நிறுத்திவிட்டது. இருக்கும் டெக்குகள் பழுதானால் நாடாவை வாசிக்க வழியில்லை.

ஒரு மூன்று மணிநேரக் கசெட்டை டிவி என்ற எண்ணிம வடிவில் மாற்றினால் சுமார் 39 கிகாபைட் வரும். அதே 4 கிகா வேலி, அதே நினைவகம், அதே சட்டகத் தாளம், அதே வெப்பம். இவ்வேலிகளைத் தாண்டும் வித்தையை விளையாட்டுக்காக இரவிரவாகக் கற்றவர்கள் இவ்வூர் இளைஞர்களே. ஆகவே டொரொண்டோவிலோ இலண்டனிலோ டோஹாவிலோ இருந்து இதை வாசிக்கும் கிழக்கிலங்கை அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் கசெட்டைத் தூசு தட்டி, வீட்டில் விளையாட்டுப் பதியும் பிள்ளையிடம் கொடுங்கள். நாடா முழுவதும் உதிர்வதற்கு முன் அது ஒருமுறை ஓடிவிட்டால் போதும்.