கல்லில்லா நாட்டின் கத்தி

காட்டில் தனித்து வாழ நேர்ந்தவனுக்கு வேட்டைக்கத்தி விலங்கைக் குத்த உதவுவது சில கணங்களே; வீழ்ந்ததை உரிக்கவும், விறகு பிளக்கவும், கழி சீவவும், கொடி அறுத்துப் பந்தல் கட்டவும் அது நாள் முழுதும் உதவுகிறது. மற்றக் கருவிகளைச் செய்துகொள்ள உதவும் முதற்கருவி என்பதே அதன் பெருமை. காடு திருத்தி வயலாக்கப்பட்ட காவிரிப் படுகையில் அந்தக் கத்தி மறைந்துபோகவில்லை. பல கத்திகளாகப் பிரிந்து, வேறு பெயர்களில் வாழ்ந்தது.

இப்பகுதி ஒருகாலத்தில் காடடர்ந்து கிடந்தது என்பதற்குத் திருவெண்காடு, சாய்க்காடு, தலைச்சங்காடு, வேதாரணியத்தின் பழம்பெயரான திருமறைக்காடு ஆகிய ஊர்ப்பெயர்களே சான்றாக நிற்கின்றன; வேதாரணியத்துக்கு வடக்கே கடற்கரையோரம் வேட்டைக்காரனிருப்பு என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஆறு கொண்டுவந்து படிய வைத்த வண்டல் மண்ணில் கல்லும் இல்லை, இரும்புத் தாதும் இல்லை. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள செம்பியன்கண்டியூரில் 2006ஆம் ஆண்டு கிடைத்த வழவழப்பான கற்கோடரி, அதில் கீறப்பட்ட குறிகளைச் சிந்து எழுத்துகள் எனக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்ததால் புகழ்பெற்றது. அக்குறிகளைப் பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்க, கல்லே இல்லாத மண்ணில் ஒரு கற்கோடரி கிடைத்திருப்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது: அந்தக் கல் தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும், அதைக் கொண்டுவந்தவர்களுக்கு அது எளிதில் ஈடுசெய்ய முடியாத உடைமையாக இருந்திருக்கவும் வேண்டும்.

இரும்பின் கதையும் அதுவே. படுகையின் உலைக்களங்களுக்கு வேண்டிய இரும்பு மேற்கே தாதுமலைகள் உள்ள நாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. 1830இல் ஆங்கிலேயரான ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலைக்கும் சேலத்துக் கஞ்சமலைத் தாது பரிசல்களில் ஆற்றுவழியாகவே இறங்கியது. இவ்வாறு அரிதாக வந்த இரும்பைத் தேய்ந்த பின்னும் எறிந்துவிடாமல், மீண்டும் காய்ச்சி அடித்து வேறொன்றாக்கிக் கொடுத்தவர் ஊர்க் கொல்லர். அவர் இல்லாமல் ஊர் இயங்காது என்பதைச் சோழ அரசு அறிந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களை அளித்த இராசராசனின் கல்வெட்டுகள், வரி விதிக்கப்படாத நிலங்களைக் கணக்கிடுகையில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணசேரியையும், அதாவது கொல்லர், தச்சர் முதலிய கம்மாளர் குடியிருந்த சேரியையும், சேர்த்தே குறிக்கின்றன. பிற்காலத்திலும் கொல்லருக்குரிய கூலி காசாக அன்றி, களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஒதுக்கப்படும் 'சுதந்திரம்' என்னும் உரிமைப் பங்காகவே பெரும்பாலும் கிடைத்தது.

அந்தக் கொல்லர் அடித்துக் கொடுத்தவற்றுள் முதன்மையானது கருக்கரிவாள். பனைமட்டையின் விளிம்பில் உள்ள கூரிய பற்களுக்குக் கருக்கு என்று பெயர். அதைப் போன்ற நுண்பற்கள் வளைந்த அலகின் உட்புறத்தில் வெட்டப்பட்டிருப்பதால், ஒரு கைப்பிடி நெற்றாளை வழுக்காமல் பற்றி அறுக்க அதனால் முடிகிறது. முனை கொக்கிபோல் வளைந்த வெட்டரிவாள் மூங்கிலையும் முள்ளையும் வெட்டுவதற்கு. பாளை சீவும் கத்தி மரமேறிக்கு. காலால் மிதித்துக்கொண்டு காயும் மீனும் அரியும் அரிவாள்மணை அடுப்படிக்கு. வேடனின் இடுப்பில் ஒன்றாக இருந்தது, உழவூரில் வேலைக்கொன்றாகவும் ஆளுக்கொன்றாகவும் பங்கிடப்பட்டுவிட்டது.

இந்த இரு வாழ்வுகளையும் ஒரே நூலில் அருகருகே வைத்துக் காட்டியவர், 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார். அதில் வேடர்குலத் திண்ணனார், பின்னாளில் கண்ணப்பர் எனப்பட்டவர், உடைவாளால் பன்றியை வீழ்த்துகிறார். உடன்வந்த காடன் தீக்கடைகோலால், அதாவது கட்டையில் கோலை நட்டுச் சுழற்றி, நெருப்பு உண்டாக்குகிறான். தசைகள் கோலில் கோத்து வாட்டப்படுகின்றன. இலைகளைத் தைத்துச் செய்த 'கல்லை' என்னும் தொன்னை உண்கலமாகிறது. காட்டில் பிழைக்கும் முறையை இவ்வளவு நிரல்படச் சொல்லும் பழந்தமிழ்ப் பகுதிகள் மிகச் சிலவே. அதே நூலில் சோழநாட்டுக் கணமங்கலத்துத் தாயனார் வறுமையுற்றுக் கூலிக்கு நெல்லறுத்து, செந்நெல்லை இறைவனுக்கு வைத்து, கார்நெல்லில் தாம் உண்கிறார். படையலுக்குக் கொண்டுசென்ற அமுது கால் தடுமாறி நிலவெடிப்பில் சிந்தியபோது, கையிலிருந்த அரிவாளால் தம் கழுத்தையே அரிகிறார். அதனாலேயே அரிவாட்டாய நாயனார் ஆனார். நீர் வற்றிய களிமண் வயல் பாளம் பாளமாக வெடிப்பதைக் கண்டவர்க்கு இக்கதை எந்த மண்ணில் பிறந்தது என்று சொல்லத் தேவையில்லை.

காடு முற்றிலும் அழிந்துவிடவில்லை. முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டிலும், வெளிமான்களுக்காக 1967இல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரையிலும் எஞ்சி நின்றது. அங்கே கத்தியைவிட, எதை வெட்டக்கூடாது என்னும் அறிவே உயிர் காத்தது: சிதம்பரத்தின் பழம்பெயருக்குக் காரணமான தில்லை மரத்தைக் கொத்தினால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையும்.

அரண்மனையில் கத்தி வேறு வழியில் சென்றது. இரு இணைகம்பிகளுக்கு இடையிலுள்ள குறுக்குப்பிடியை முட்டிக்குள் இறுக்கி நேராகக் குத்தும் கட்டாரி, தஞ்சையில் புறங்கையை மூடும் துளைவேலைப்பாட்டுத் தகடுடன் தனி அழகு பெற்றது. அதன் அலகுகளுள் பல ஐரோப்பிய வாள்களிலிருந்து எடுக்கப்பட்டவை. முயல் வேட்டைக்குக் கள்ளர் குலத்தார் மரத்தில் செதுக்கி எறிந்த வளரியும் தந்தத்தில் கடையப்பட்டு தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இடம்பெற்றது. 1855இல் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்து அரசு முடிவுற்றபின் அந்த ஆயுதசாலை கலைந்தது; எஞ்சிய கட்டாரிகளும் இரு தந்த வளரிகளும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன.

அரிவாள் ஊரிலேயே தங்கியது. புயலடிக்கும் நாட்களில் படுகை மறுபடியும் காடாகிவிடுகிறது: 1952, 1977 புயல்களிலும், 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரணியத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயலிலும், சாய்ந்த மரங்கள் பாதைகளை அடைத்தன, மின்சாரம் அற்றது, கூரைகள் பறந்தன. அத்தகைய காலையில் வெட்டரிவாள் வேடனின் கத்தி செய்த வேலைகள் அனைத்தையும் மீண்டும் தானே செய்கிறது. வழியை அடைத்த கிளையைக் கழித்து, விழுந்த தென்னையின் இளநீரைச் சீவிக் குடிநீராக்கி, அதன் மட்டையைப் பிளந்து கீற்று முடையக் கொடுத்து, வெள்ளம் சூழ்ந்தால் வாழைத்தண்டுகளை வெட்டித் தெப்பமாக்கி, ஈரம் காயாத விறகின் உள்வைரத்தைச் சிராய்களாகச் சீவி அடுப்பு மூட்டுகிறது.