விண்ணகரம்: ஒரு சொல் வானேறிய வழி

வாலாஜாபாத்திலிருந்து மேற்கே காஞ்சிபுரத்துக்குப் போனால் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்தது. திருமங்கையாழ்வார் பரமேச்சுர விண்ணகரம் என்று பாடிய தலம். விண்ணகரம் என்றதும் தமிழ்க் காதில் ‘விண்ணிலுள்ள நகரம்’ என்றே விழுகிறது. பரமபதத்துக்கு இதைவிட அழகிய பெயர் ஏது? ஆனால் இந்தச் சொல் பிறந்தது வானத்தில் அல்ல, ஒரு வீட்டில் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

சான்று பல்லவர் கல்வெட்டில் கிடைக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் பாறையைக் குடைந்து ஒரு கோயில் அமைத்தான். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அதை ‘மகேந்திர விஷ்ணுகிருகம்’ என்கிறது. கிருகம் என்றால் வீடு. சிவனுக்கும் அப்படித்தான்: காஞ்சி கைலாசநாதர் கோயிலின் பழைய பெயர் ராஜசிம்மேசுவர கிருகம்.

விஷ்ணு பிராகிருதத்தில் ‘விண்ஹு’. அது தமிழில் ‘விண்ணு’ ஆவது எளிது. பின்பாதியைக் கிருகத்தின் திரிபு என்பாரும் உண்டு. எனக்கு வேறொரு வழி பொருத்தமாகப் படுகிறது. பழந்தமிழில் ‘நகர்’ என்பதற்கு ஊர் மட்டும் பொருளல்ல. மாளிகை, கோயில் என்றும் பொருள். கிருகத்துக்கு நேரான தமிழ்ச்சொல் கையருகே இருக்கும்போது திரிபைத் தேடுவானேன்? சோழர் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டிலும் ‘இராஜராஜ விண்ணகர்’ என்று ‘அம்’ இல்லாத வடிவமே வருகிறது. திருநாங்கூரில் வைகுந்த விண்ணகரம் என்றே ஒரு தலம் உண்டு. விண்ணகரமே வானுலகைக் குறித்திருந்தால் அதன்மேல் வைகுந்தத்தை ஏன் ஏற்ற வேண்டும்? ‘வைகுந்தம் என்னும் பெயருடைய திருமால் கோயில்’ என்றால் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

பிறகு ‘விண்ணு’ மறந்தது, ‘விண்’ நின்றது. கோயில் வானமாயிற்று.

உலகின் வேறொரு மூலையிலும் இதேபோல் நடந்திருக்கிறது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய வாலாஜாபாத்தில் ‘ஆபாத்’ பாரசீகச் சொல். குடியிருப்பு என்று பொருள். அந்தப் பாரசீகத்தின் மூத்த உறவான அவெஸ்தா மொழியில் ‘பைரிதேசா’ என்றால் சுற்றுச்சுவர் எழுப்பிய இடம். கிரேக்கர் அதை மன்னரின் தோட்டத்துக்குரிய சொல்லாக ஏற்றார்கள். அரபியில் அதுவே ‘ஃபிர்தவ்ஸ்’. தமிழ்க் கிறித்தவர்களிடம் ‘பரதீசு’. திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு லூக்கா நற்செய்தியில் பரதீசை விட்டுப் பேரின்ப வீடு என்று சொன்னதை நான் நல்ல தேர்வாகவே கருதுகிறேன். ‘வீடு’ என்பது ‘விடு’ என்னும் வினையடியிலிருந்து வந்தது. விடுதலையைக் குறிக்கும் அந்தச் சொல் நம் பேச்சில் இல்லத்தையும் குறிக்கிறது. ஆக, சுவரும் வீடும் வானேறின. விடுதலை வீட்டுக்குள் இறங்கி வந்திருக்கிறது.

காஞ்சிக் கோயிலின் திருச்சுற்றைச் சுற்றி வருபவர், கூரை மூடிய நடையின் சுவரில் காண்பது பல்லவ மன்னர்களின் வரலாறு: முடிசூட்டு, போர், அரசவை. இச்சிற்பங்களைப் பற்றி சி. மீனாட்சி எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டது. வைகுந்தத்தின் பெயர் தாங்கிய இடத்தில் மண்ணின் செய்திக்கு இத்தனை சுவர்!

வீடு என்ற பொருளைக் காஞ்சிக் கோயிலைவிடத் தெளிவாகக் காட்டும் கோயில் வாலாஜாபாத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலில் உள்ள திருமால் கோயில் அது. அங்கே வீரராஜேந்திர சோழனின் (1063–1070) நீண்ட கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து மாணவர்கள் தங்கிப் படித்ததையும், ‘வீரசோழன்’ என்ற ஆதுலர்சாலை நடந்ததையும் பதிவு செய்கிறது. அந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பதினைந்து படுக்கைகள். வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், பணிவிடை செய்யும் பெண்கள். யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை கணக்கு இருக்கிறது.