கவலை ஓய்ந்த கிணறு

சத்தியமங்கலத்திலிருந்து புளியம்பட்டிப் பக்கம் மேட்டுக்காடுகளில் நடந்தால், பழைய கிணற்று மேடுகளில் இரண்டு கல்தூண்கள் தனியே நிற்பதைக் காணலாம். அவற்றுக்கிடையே இருந்த மரச்சட்டமும் உருளைகளும் எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டன. அங்கேதான் எருது பூட்டி நீரிறைக்கும் கவலை ஓடியது.

ஆற்றோர வயல்களுக்குக் கொடிவேரி அணையும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் இருந்தன. மேட்டு நிலத்துக்குக் கிணறுதான் கதி. ஆசாரி உளியால் துளையிட்டுக் கோத்த சட்டத்தில் மேலே பெரிய உருளை, கீழே சிறியது. மேலே வடம், கீழே வால்கயிறு. எருதுகள் சரிவில் இறங்க இறங்கத் தோல்பறி நீரோடு ஏறும். அதன் அடியில் தைத்த தோல்குழாயான தும்பியை வால்கயிறு மடித்துப் பிடித்திருக்கும், நீர் ஒழுகாது. மேலே வந்ததும் பறி உயரே எழும்ப, தும்பி தொட்டிப் பக்கம் சாய்ந்து தானாக நீரைக் கொட்டிவிடும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை. இரண்டு கயிறுகளின் நீளத்தில் அடங்கிய கணக்கு அது. இவ்வளவு எளிய, இவ்வளவு நுட்பமான கருவியை நான் வேறு கண்டதில்லை.

பறியும் தும்பியும் தோல் வேலை செய்த மாதாரிச் சமூகத்தாரின் கைவேலை. ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிட்டு, வெட்டி, நீர் கசியாமல் தைத்தவர்கள் அவர்கள். கிழிந்தால் ஓடிவந்து ஒட்டுப் போட்டவர்களும் அவர்களே. அந்தக் கைகளில் பல பண்ணையத்துக்குக் கட்டுப்பட்டவை. கூலி தானியமாக அளக்கப்பட்டது. வாங்கிய கடன் தீராமல் அடுத்த ஆண்டுக்கும் நீண்டது. தகப்பன் கடனுக்கு மகன் ஆடு மேய்த்தான். அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாதென்று 1843-லேயே சட்டம் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1930-களில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் வந்தது. 1955-இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடியது. கிணறுகளில் மோட்டார் இறங்கியது. பறி தைப்பவர் தேவைப்படாமல் போனார். பழைய பிணைப்பும் தளர்ந்தது. கோவை வட்டார மாதாரிகளின் வாழ்வில் நேர்ந்த இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் வரலாற்றாசிரியர் குனெல் செடெர்லோஃப். அந்தப் பிணைப்பு அறுந்ததில் எனக்குத் துளி வருத்தமில்லை. கைத்திறன் போனதுதான் வலிக்கிறது, அதுவும் பெயரில்லாமல் போனது.

கவலையைக் காட்சிக்கு வைப்பவர்கள் எருதையும் நிலக்காரரையும் எழுதுகிறார்கள். பறி தைத்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, தைக்கும் முறையைக் கேட்டு, அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள்.